ஐவிக்கு மார்கழிதான் வசந்தம்

கேள்வி:

என் அப்பா குன்னூரில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார். அங்கே மேனேஜர் பங்களாவின் கல் சுவர் முழுக்க ஐவிக் கொடி படர்ந்திருக்கும். இந்த மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அந்த ஞாபகத்தில் வழியில் ஒரு நர்சரியில் மூன்று சின்னத் தொட்டி வாங்கி வந்தேன். எங்களுடையது வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். படுக்கையறையில் டிவிக்கு மேலே உள்ள ஷெல்ஃபில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, காலையும் மாலையும் ஸ்பிரே செய்கிறேன். கோடையில்தான் உரம் வைக்க வேண்டும் என்று படித்து அதையும் வைத்தேன். ஆனாலும் ஒரு தொட்டி போய்விட்டது. இரண்டாவதில் இலைகள் சாம்பல் பூத்த மாதிரி ஆகி, ஓரம் பழுத்து, அப்பளம் போல நொறுங்குகின்றன. இலைக்கு அடியில் நூல் நூலாக ஏதோ இருக்கிறது. மூன்றாவதில் இலையோரம் இருந்த வெள்ளை போய் முழுப் பச்சையாகத் துளிர்க்கிறது. சென்னையில் ஐவி வளரவே வளராதா? வீட்டில் பூனை இருக்கிறது, ஐவி விஷம் என்கிறார்களே? காற்றைச் சுத்தம் செய்யும் என்பது உண்மையா? பங்களா சுவரின் உச்சியில் இலை வேறு வடிவத்தில் இருந்ததாக ஞாபகம். அதுவும் இதே செடிதானா?

– வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருப்பதெல்லாம் அக்கறை. குறை உங்கள் கையில் இல்லை, நீங்கள் படித்த காலண்டரில் இருக்கிறது. ஐவி வளர்ப்பு பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டது. அங்கே குளிர்காலம் செடிக்கு ஓய்வு, கோடை வளர்ச்சி. அதனால்தான் கோடையில் உரம் கொடு, தண்ணீர் கூட்டு, குளிர்காலத்தில் குறை என்கிறார்கள். சென்னையில் இதை அப்படியே தலைகீழாகப் போட வேண்டும். நம் ஊரில் ஐவி ஓய்வெடுக்கும் காலம் பங்குனி முதல் ஆவணி, புரட்டாசி வரை. அது வளரும் காலம் கார்த்திகையில் தொடங்கி மாசியில் முடிந்துவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும்.

ஐவிக்குப் பிடித்த வெப்பம் 10 முதல் 21 டிகிரி வரை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்தில்கூட அங்கே பகலில் இருபதைச் சுற்றித்தான் இருக்கும், இரவில் இன்னும் நன்றாக இறங்கிவிடும். அந்தச் செடியை நீங்கள் கத்திரி வெயிலில், பகலில் 38 டிகிரியும் இரவில் 28 டிகிரியும் இருக்கும் ஊருக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். பகல் வெயிலை எல்லோரும் யோசிப்பார்கள். உண்மையில் ஐவியைச் சாய்ப்பது இரவு வெப்பம். செடி பகலில் வெளிச்சத்தை வைத்து மாவுச்சத்து சேர்க்கிறது, இரவும் பகலும் மூச்சுவிட அதையே செலவழிக்கிறது. சூடு ஏற ஏற இந்தச் செலவு கூடும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, அதனால் வரவும் குறைவு. வரவு சுருங்கி செலவு பெருகினால் குடும்பம் என்ன ஆகுமோ அதுதான் செடிக்கும் ஆகிறது. முதலில் பழைய இலையை உதிர்க்கும், அப்புறம் வேரையும் இழக்கும்.

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் சென்னையில் ஒரு அலுவலகத்துக்கு நாற்பது தொட்டி ஐவி வைத்துக் கொடுத்தேன். ஜனவரியில் வைத்ததால் பிப்ரவரி வரை பார்க்கக் கண்கொள்ளாமல் இருந்தது. மே மாதம் இலைகள் வாட ஆரம்பித்ததும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்றச் சொன்னேன். ஜூன் முடிவதற்குள் பாதிக்கு மேல் அழுகிப் போயின. வெப்பத்தில் தளர்ந்த செடி தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் தினமும் ஊற்றியதாக எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அந்த அலுவலகம்தான் கண்முன் வந்தது.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது தொட்டியைப் பார்ப்போம், அதற்குத்தான் அவசரம். சாம்பல் பூத்த இலை, அடியில் நூல் என்றால் அது அநேகமாகச் செஞ்சிலந்தி. உறுதி செய்துகொள்ள ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கொடியைத் தட்டுங்கள். உப்புத்தூள் அளவில் விழும் புள்ளிகள் சற்று நேரத்தில் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்தியைப் பற்றி உங்கள் அப்பா சொல்லியிருப்பார். மழையில்லாத மாதங்களில் எஸ்டேட்காரர்களுக்குப் பெரிய தலைவலி அது. உங்கள் ஐவியில் இருப்பது வேறு இனமாக இருக்கும், ஆனால் குணம் ஒன்றுதான்: சூடும் வறட்சியும் சேர்ந்தால் பெருகித் தள்ளும். நம் கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஏசி ஓடும் அறையின் உலர்ந்த காற்று அதற்கு இன்னும் வசதி.

இதற்கு முதல் மருந்து குளியல். ரொம்பவும் கெட்டுப்போன கொடிகளை வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். உரத்தொட்டியில் போட வேண்டாம். அப்புறம் மண் கொட்டாதபடி தொட்டியின் வாயை ஒரு கவரால் சுற்றிக் கட்டி, குளியலறைக்குக் கொண்டுபோய், ஹெல்த் ஃபாசெட்டால் இலைகளின் அடிப்பக்கம் முழுக்க நனையும்படி பீய்ச்சுங்கள். விடியற்காலையில் செய்யுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும், அது இலையை வேகவைத்துவிடும். அன்று மாலையே ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது தண்ணீரோடு கலக்கும் அளவுக்குச் சில துளி சோப்புத் திரவமும் சேர்த்து நன்றாகக் குலுக்கி, இலையின் அடியிலும் மேலும் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு கொடியில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. சில ஐவி வகைகளுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு முறை தெளித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் பார்த்தவரை எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். தெளிப்பு முட்டைகளை முழுக்கத் தொடாது. ஐந்து நாளைக்கு ஒரு தடவை, மூன்று நான்கு முறை செய்தால்தான் புதிதாகப் பொரித்து வருபவை அடுத்த முட்டை இடும் முன் சிக்கும். கடையில் விற்கும் பூச்சி மருந்தை வாங்கி அடிக்க வேண்டாம். இது பூச்சி இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்தி வகை. பல பூச்சி மருந்துகள் இதை ஒன்றும் செய்யாமல், இதைத் தின்னும் நல்ல உயிரிகளை மட்டும் கொன்றுவிட்டுப் போகும். படுக்கையறையில் அடிக்கிற விஷயமாகவும் அது இல்லை. மற்ற தொட்டியில் இலை நன்றாக இருந்தாலும் அதற்கும் இதே குளியல் உண்டு. குணமான பிறகும் பத்து நாளைக்கு ஒரு முறை ஐவியைக் குளிப்பாட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டு ஐவிக்கு நான் ஒரே ஒரு வேலைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

காலை மாலை ஸ்பிரே செய்வதை விட்டுவிடலாம். அந்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடும், காற்றின் வறட்சி மாறாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இலை நனைந்தே கிடந்தால் கரும்புள்ளி நோய்க்கும் வழி செய்துவிடும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம், காய்ந்திருந்தால் அடியிலிருந்து ஒழுகும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அலங்காரத் தொட்டிக்குள் நர்சரித் தொட்டியை இறக்கி வைத்திருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தண்ணீர் குளமாக நிற்கும், வேர் அதில் மூச்சுவிட முடியாமல் கிடக்கும். இன்னொன்று, நர்சரியில் பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்க்கழிவில்தான் நட்டுத் தருவார்கள். அது முழுக்கக் காய்ந்து போனால் தண்ணீரை உள்ளே வாங்காமல் ஓரமாக வழியவிடும். மேலே ஈரம், நடுவில் வறட்சி. தொட்டியைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இலேசாக இருந்தால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம். ஒரு வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் உட்காரவைத்து எடுத்து, வடியவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். வேளச்சேரி ஃபிளாட் என்றால் போர்வெல் தண்ணீராக இருக்க வாய்ப்பு அதிகம். மண்ணின் மேலோ தொட்டியின் விளிம்பிலோ வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்பு. இலை நுனி கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது? ஐவிக்கு அது ஆகவே ஆகாது. மழைத் தண்ணீர் பிடிக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதையும் பிடித்து வைத்து ஊற்றலாம்.

அடுத்தது இடம். டிவிக்கு மேலே உள்ள ஷெல்ஃப் வெளிச்சமும் கிடைக்காத, சூடும் தங்குகிற இடம். மூன்றாவது தொட்டியில் வெள்ளை போய்ப் பச்சையாகத் துளிர்ப்பதற்கும் வெளிச்சம் இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அது சமைக்காமல் சாப்பிட மட்டும் செய்யும் பகுதி. வெளிச்சம் குறையும்போது, பச்சையாகத் துளிர்க்கும் கிளைதான் தாக்குப்பிடித்து மேலே வரும். முழுப் பச்சைக் கொடிகளை அடியோடு வெட்டிவிட்டு, தொட்டியை வெளிச்சத்துக்கு மாற்றினால் அடுத்த துளிர்களில் வெள்ளை திரும்பிவர வாய்ப்பு உண்டு.

உங்கள் ஃபிளாட்டில் வடக்கு அல்லது கிழக்கு பார்த்த ஜன்னல் எது என்று பாருங்கள். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற தூரத்துக்குள் ஐவி இருக்க வேண்டும். காலை எட்டரை மணிக்குள் வரும் இளவெயில் மேலே பட்டால் நல்லதே. பத்து மணி வெயில் வேண்டாம், மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். இரவில் ஏசி போடும் அறையிலேயே அப்படி ஒரு ஜன்னல் இருந்தால் மிகவும் நல்லது. ஏசி காற்றை உலர்த்தும் என்று சொன்னேன், ஆனால் இரவு வெப்பத்தை 25 டிகிரிக்குக் கொண்டுவரும் உதவி அதைவிடப் பெரிது. வறட்சியைக் குளியலால் சமாளிக்கலாம், இரவுச் சூட்டைச் சமாளிக்க வேறு வழி இல்லை. குளிர்காற்று நேராக இலையில் அடிக்காமல் ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். அந்த மாதிரி ஜன்னலே இல்லையென்றால் 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் ஒன்றைச் செடிக்கு ஒரு அடி மேலே மாட்டி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள்.

உரத்தை இப்போதே நிறுத்துங்கள். தளர்ந்த வேருக்கு உரம் கொடுப்பது, காய்ச்சலில் கிடப்பவருக்கு விருந்து வைப்பது மாதிரி. தொட்டியும் இப்போது மாற்ற வேண்டாம், அழுகல் நாற்றம் வந்தாலொழிய. ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் புதுத் துளிர் வரவில்லையே என்று பார்க்காமல், இருக்கிற இலை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் செடி பிழைத்துவிட்டது.

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து, இரவில் மின்விசிறி வேகத்தைக் குறைக்கத் தோன்றும் நாள் ஒன்று வரும். அன்றிலிருந்து ஐவியின் வருடம் தொடங்குகிறது. மண் தொட்டிக்கு மாற்றுங்கள். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் மண் தொட்டிக்குள் வேரும் குளிர்ச்சியாக இருக்கும். பீங்கானிலும் பிளாஸ்டிக்கிலும் அது கிடைக்காது. செம்மண் ஒரு பங்கு, கழுவிப் பிழிந்த நார்க்கழிவு ஒரு பங்கு, ஆற்று மணலோ பெர்லைட்டோ (நர்சரியில் கிடைக்கும் இலேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. தொட்டி பழையதைவிட இரண்டு விரல்கடை அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் ஈரம் காயாமல் நிற்கும். நட்ட மூன்று வாரத்துக்குப் பிறகு, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கலந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை கொடுங்கள். மாசியோடு நிறுத்திவிடுங்கள். நீளமாக, இலை தள்ளித் தள்ளி வளர்ந்த கொடிகளின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும். இந்த நான்கு மாதமும் வடக்கு அல்லது கிழக்கு பால்கனியில் தாராளமாக வைக்கலாம், கனமழையில் நனையாத இடமாகப் பார்த்து. மார்கழியில் சென்னையின் இரவு 21 டிகிரி அளவுக்கு இறங்கும்போது அது விடும் துளிரைப் பார்த்தால், இதுவரை பட்ட பாடெல்லாம் மறந்துவிடும். பங்குனி பிறந்ததும் மறுபடி வீட்டுக்குள் ஜன்னலோரம்.

பூனை விஷயம். ஆமாம், ஐவி இலையில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. பூனையோ நாயோ கடித்தால் எச்சில் ஒழுகும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். தின்றுவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை தாவிப் பிடிக்க முடியாத உயரத்தில் தொங்கும் தொட்டியாக வைத்து, கொடி கீழே ஊஞ்சலாடாமல் வெட்டிவிட வேண்டும். ஆடுகிற கொடியைக் கண்டால் எந்தப் பூனையும் சும்மா இருக்காது. அப்படி ஒரு இடம் இல்லாத வீட்டில் ஐவி வேண்டாம் என்பது என் கருத்து, அதில் நான் சமரசம் செய்வதில்லை. ஐவிக்குப் பதில் மணி பிளாண்ட் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம், அதுவும் பூனையின் வாயைப் புண்ணாக்கும். ஸ்பைடர் பிளாண்ட் பயமில்லாத செடி. உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஐவியின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இருமல் மருந்துகளில் ஐவி இலைச் சாறு சேர்க்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது மருந்து ஆலையில் பக்குவப்படுத்தி, அளவு பார்த்துச் சேர்ப்பது. துளசி மாதிரி பறித்துக் கஷாயம் வைக்கிற இலை இல்லை இது.

காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு மூலம் நாசா 1989இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. அடைத்து மூடிய சிறு பெட்டிகளில் செடிகளை வைத்து, பென்சீன் போன்ற வாயுக்கள் குறைவதைப் பார்த்தார்கள். ஐவியும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் வீடு மூடிய பெட்டி இல்லையே. இப்படிப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டு 2019இல் வெளியிட்டார்கள். கதவு, ஜன்னல் வழியாகத் தானாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டுமாம். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். ஐவியை அதன் அழகுக்காகவும் உங்கள் அப்பாவின் ஞாபகத்துக்காகவும் வளருங்கள், அந்தக் காரணமே போதும்.

பங்களா சுவரில் நீங்கள் பார்த்ததும் ஐவிதான், உங்கள் ஞாபகம் சரி. ஐவிக்கு இரண்டு பருவம் உண்டு. ஏறும் பருவத்தில் இலை மூன்று அல்லது ஐந்து மடலாகப் பிரிந்திருக்கும், தண்டிலிருந்து குட்டி வேர்கள் விட்டுச் சுவரைப் பற்றும். ஏறி உச்சிக்குப் போய் நல்ல வெளிச்சம் கண்ட பிறகு, பல வருடம் கழித்து, முதிர்ந்த பருவத்துக்கு மாறும். அப்போது இலை பிளவில்லாமல் அரசிலை சாயலில் வரும், பற்றும் வேர் இருக்காது, பூவும் கறுப்புக் காயும் அதில்தான் பிடிக்கும். தொட்டியில் நாம் வைத்திருப்பது என்றைக்கும் இளம் பருவத்துச் செடி. அந்தப் பற்றுவேர்களை நினைவில் வைத்துக்கொண்டு, அதை உங்கள் ஃபிளாட்டின் பெயின்ட் சுவரில் மட்டும் ஏறவிடாதீர்கள். பிய்த்தெடுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

ஒரு வேளை இதெல்லாம் செய்தும் அடுத்த சித்திரையில் தோற்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். ஐவி என்ற பெயரில் வேறு குடும்பத்துச் செடிகளும் இருக்கின்றன. கிரேப் ஐவி நம் பிரண்டைக்குப் பங்காளி. ஸ்வீடிஷ் ஐவி கற்பூரவல்லிக்கு உறவு. இரண்டும் உங்கள் ஐவியைவிட நம் சூட்டைத் தாங்கும். கடையில் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள்.

இப்போதைக்கு ஒரு காப்பீடு செய்துகொள்ளலாம். குளியல் முடிந்து செஞ்சிலந்தி இல்லை என்று உறுதியான பிறகு, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நாலு அங்குல நீளத்தில் இரண்டு மூன்று நுனித் துண்டுகளை, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, தண்ணீர் பாட்டிலில் ஜன்னலோரம் வையுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். நவம்பர் வரை அது அந்தப் பாட்டிலிலேயே இருந்தாலும் குற்றமில்லை.

செத்துப் போனதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த முதல் தொட்டியை இன்னும் வீசவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். தண்டின் அடிப்பக்கத்தை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக, உலர்ந்து இருந்தால் போனதுதான். தோலுக்கு அடியில் ஒரு கீற்றுப் பச்சை தெரிந்தால், மண்ணிலிருந்து மூன்று அங்குலம் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ஈரம் அதிகம் போகாமல், மற்ற இரண்டு தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்திருங்கள்.